நாலரை அங்குலம்

1946-ஆம் வருஷம் ஆடிக் கடைசியில் சுப்புரத்தினம் சென்னைக்குப் போனார். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் வேண்டாமென்று ஏலம் விட்ட வண்டிகளில் ஒரு ஜீப்பை எடுத்து, தாமே கடலூர் முதுநகர் வரைக்கும் ஓட்டிவந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. துறைமுக ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. மனைவி பார்வதம் இறந்து மூன்று வருஷம். ஒரே மகள் ஞானாம்பாளை சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையோரம் புளியந்திட்டு என்ற சிற்றூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் தாய்வீட்டுப் பக்கம் வந்தும் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

ஒண்டி ஆளுக்கு எதற்கு ஜீப் என்று தெருவில் கேட்டார்கள்.

"பொண்ணு ஊருக்குப் போவணும். மழைக் காலத்துல அந்தப் பக்கம் மாட்டு வண்டிகூடப் போவாது" என்றார். கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

ஜீப்பை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ரயில் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை நடத்திய தங்கராசுவிடம் கொண்டுபோய் நிறுத்தினார். தங்கராசு நாலு வருஷம் அஸ்ஸாம் எல்லையில் பட்டாள வண்டிகளைப் பழுதுபார்த்துவிட்டு அந்த வருஷம்தான் திரும்பியிருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் அவன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். சுற்றிவந்தான். குனிந்து அடியைப் பார்த்தான்.

"இந்தக் கழுதைங்களோடதான் சார் நாலு வருஷம் குடும்பம் நடத்தினேன். நல்ல வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். இதுக்கு இன்னா செய்யணும்?"

"ஒசத்தணும்."

"ஒசத்துறதுன்னா?"

சுப்புரத்தினம் தம் தொடையில் கையை வைத்துக் காட்டினார். "தண்ணி இவ்ளோ நின்னாலும் போவணும். சேறானாலும் நிக்கக் கூடாது. எந்த வழியா இருந்தாலும் இந்த வண்டிய வழி நிறுத்தக் கூடாது."

தங்கராசு அவர் முகத்தைப் பார்த்தான். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. பிறகு உட்கார்ந்து, தரையில் கரித்துண்டால் கோடு போட்டுச் சொன்னான். வண்டியைத் தாங்குகிற வில் பட்டைகளில் கூட ஒரு பட்டை சேர்த்து, வளைவையும் ஏற்றினால் இரண்டு அங்குலம் கிடைக்கும். பட்டையின் நுனியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சாக்கிளை நீளமாக அடித்துப் போட்டால் இன்னும் ஒரு அங்குலம். அதற்குமேல் பெரிய டயர். சின்ன லாரி ஒன்றின் டயர் இதே ரிம்மில் உட்காரும். அதில் ஒன்றரை அங்குலம்.

"ஆக நாலரை அங்குலம். போதுமா சார்?"

"இன்னும் ஒரு அங்குலம்?"

"ஒசந்தா சாயும் சார். மனுசனுக்கும் அதான், வண்டிக்கும் அதான். நாலரைக்கு மேல நான் செய்ய மாட்டேன்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ஆபீசுக்குப் போகிற மாதிரி சட்டை போட்டு, குடை எடுத்துக்கொண்டு, தூக்குச் சட்டியில் தயிர்சாதத்தோடு சுப்புரத்தினம் பட்டறைக்கு வந்தார். தங்கராசு ஒரு மரப்பெட்டியைத் துடைத்துப் போட்டான். ஏதோ கேட்டுவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தான். அவர் சாயங்காலம் ஐந்து மணிவரை அந்தப் பெட்டியிலேயே இருந்தார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. காலையில் அரைப்படி அரிசியைப் பொங்கி வைத்தால் இரவுக்கும் அதே சோறு. பார்வதம் இருந்தவரை அவர் அடுப்படிக்குள் நுழைந்தவரல்ல. இப்போது உப்பு எந்த டப்பாவில், புளி எந்தப் பானையில் என்று கண்ணை மூடிக்கொண்டே எடுப்பார். பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. சில நாட்களில் தபால்காரர் தெருவில் போகும்போது வாசலுக்கு வந்து, "நமக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்பார். இல்லை என்று தெரிந்துதான் கேட்பார். யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டு, பதில் வாங்கிய நாளாக இருக்கட்டுமே என்று.

பட்டறையில் அப்படியில்லை. தங்கராசு வேலை செய்துகொண்டே பேசுவான். ஜீப்பை ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு பக்கமும் கட்டை அடுக்கி நிறுத்தினான். சக்கரங்களைக் கழற்றினான். துருப்பிடித்த யூ-போல்ட்டுகளுக்கு இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, பிறகு சம்மட்டியால் தட்டிக் கழற்றினான். வில் கட்டுகள் நாலையும் பிரித்துத் தரையில் பட்டை பட்டையாக வரிசை வைத்தான். சுப்புரத்தினம் பெட்டியைவிட்டு இறங்கிவந்து, ஒவ்வொரு பட்டையையும் கந்தல் துணியால் துடைத்துச் சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டார். முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்த கை. எண்கள் அச்சு மாதிரி இருந்தன.

கொல்லுப்பட்டறை ஆண்டியிடம் பட்டைகளை எடுத்துப்போனார்கள். ஆண்டி பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, வளைவைக் கூட்டி அடித்து, எண்ணெயில் தோய்த்தார். குப்பென்று புகை எழுந்தது. முதல் தடவை அடித்த பட்டை ஒன்று, திரும்பக் கொண்டுவந்து பொருத்தி இறுக்கும்போது படாரென்று நடுவில் ஒடிந்தது. தங்கராசு ஆண்டியைத் திட்டினான். சுப்புரத்தினத்துக்கு வருத்தமே இல்லை. "பரவால்ல, வேற அடிக்கட்டும். இன்னும் ஒரு வாரம் ஆவட்டும், அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

பெரிய டயர்கள் சென்னையில் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, திண்டிவனம் என்று வேறு யாரோ சொல்ல, கடைசியில் விழுப்புரத்தில் பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம் கண்டுபிடித்து ரயிலில் கொண்டுவந்தார்கள். ரப்பரில் ஒவ்வொரு கட்டியும் கைப்பிடி அளவு இருந்தது. அவற்றை மாட்டியதும் வண்டி வேறு வண்டியாகிவிட்டது. பழைய சக்கரத்தோடு அது ஒரு நாய்க்குட்டி மாதிரி இருந்தது. இப்போது கால் நீண்ட ஏதோ மிருகம் மாதிரி நின்றது.

ஆனால் ஒன்றைச் செய்தால் இன்னொன்று கெட்டது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் வில் பட்டையில் உரசியது. தங்கராசு சக்கரம் அவ்வளவு திரும்பாதபடி தடுப்புப் போல்ட்டை நீட்டினான். அதனால் ஒரே மூச்சில் திரும்புகிற தெருவில் இரண்டு தரம் முன்னும் பின்னும் போய்த்தான் திரும்ப முடிந்தது. வண்டி உயர்ந்ததில் பிரேக் குழாய் விறைத்து இழுத்துக்கொண்டு நின்றது. நீளமான குழாய் போட்டான். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு சாய்வாகி, வேகம் எடுத்தால் வண்டி முழுக்க அதிர்ந்தது. அதற்கு வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு மாதிரி இரும்புத் தகடு செருகினான். புகைக் குழாயை மேலே தூக்கிக் கட்டினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம், பத்து நாள் ஆயிற்று.

மத்தியானம் தங்கராசுவின் மனைவி செல்லாயி சாப்பாடு கொண்டுவரும்போது தனியாக ஒரு கிண்ணத்தில் குழம்பும் கொண்டுவர ஆரம்பித்தாள். "தெனமும் மோர்சோறு தின்னா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும், சார் கிட்ட குடு" என்பாள். சுப்புரத்தினம் அந்தக் கிண்ணத்தைத் தாமே கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார்.

புரட்டாசி பாதியில் ஒரு நாள் தங்கராசு வண்டியின் இரண்டு பக்கமும் இரும்பில் ஏறுபடி ஒன்று வைத்துக்கொண்டிருந்தான்.

"என் பக்கம் ஒண்ணு போதுமே. நான் ஒருத்தன்தான ஏறப்போறேன்?"

"ஏன் சார், பொண்ணு ஏறாதா? இவ்ளோ ஒசரத்துல பொடவ கட்டிக்கினு எப்பிடி ஏறும்?"

சுப்புரத்தினம் ஸ்டியரிங்கின் நடுவே அழுத்திப்பார்த்தார். "அந்த ஹாரன் சரியில்ல, அதையும் பாத்துடு" என்றார்.

ஹாரன் சரியாயிற்று. பிறகு மழைக்கு மேல் துணி வேண்டும் என்றார். துணி தைத்தாயிற்று. பிறகு பச்சைப் பெயின்ட் வேண்டாம், மாற்றலாமா என்றார். அன்றைக்குத் தங்கராசு கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"சார், வண்டி எப்பவோ தயார். ஏறுபடி வெச்சப்பவே தயார். நீங்கதான் இன்னும் கெளம்பல."

சுப்புரத்தினம் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க இங்க வந்து ஒக்காந்துக்கினு இருக்கிறது எனக்குச் சந்தோசந்தான். வண்டி இல்லன்னாலும் வாங்க. ஆனா இதுக்குமேல இதுல கை வெச்சா கெடுதல்தான் பண்ணுவேன்."

அன்று மாலை அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. உப்பனாற்றுப் பாலம்வரை நடந்து, இருட்டுகிறவரை அங்கே நின்றார்.

அவர் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசியில் பார்வதம் விஷக் காய்ச்சலில் படுத்தாள். ஒன்பது நாள் கிடந்தாள். மூன்றாம் நாளிலிருந்து, "ஞானாவ வரச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தாள். "தந்தி குடுத்துட்டேன், வந்துடுவா" என்று அவர் சொன்னார். தந்தி கொடுக்கவில்லை. மகள் அப்போது ஏழு மாத கர்ப்பிணி. அவளை ஏன் அலைக்கழிக்க வேண்டும், நாளைக்குக் காய்ச்சல் இறங்கிவிடும் என்று முதல் நாள் நினைத்தார். பிறகு நினைத்தது வேறு. தந்தி கொடுத்தால் பார்வதம் பிழைக்கமாட்டாள் என்று தாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். தந்தி ஆபீஸ் வாசல்வரை இரண்டு தரம் போய்த் திரும்பினார். ஒன்பதாம் நாள் காலை பார்வதம் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் தந்தி கொடுத்தார். மகள் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தபோது சாம்பலையும் கரைத்தாகிவிட்டது.

"நாலு நாளைக்கு முன்னயே ஒரு தந்தி குடுத்தேம்மா. உங்க ஊர்ப் பக்கம் தண்ணியாமே. வழியில நின்னுபோச்சு போல இருக்குது" என்று அவளிடம் சொன்னார். உறவினர்களும் தலையை ஆட்டினார்கள். ஞானாம்பாள் காரியம் முடிந்து போனவள்தான். கார்த்திகை போய் மார்கழியில் பெண் குழந்தை பிறந்திருப்பதாக மாப்பிள்ளை கார்டு போட்டார். அதோடு சரி.

வழிதான் கெட்டது, வழிதான் கெட்டது என்று மூன்று வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவருக்கே அது முக்கால்வாசி உண்மையாகிவிட்டது. இனி எந்த வெள்ளமும் தடுக்காத ஒரு வண்டி வேண்டும் என்ற நினைப்பு அப்படித்தான் வந்தது. வெள்ளத்தில் போய் மகள் வீட்டு வாசலில் நின்றால், வெள்ளம்தான் காரணம் என்பது இன்னும் கொஞ்சம் உண்மையாகும்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மழை பிடித்தது. ஒரு வாரம் விடவில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் கரைமுட்டப் போகிறது, சிதம்பரத்துக்குத் தெற்கே சாலைகள் முழுகிவிட்டன என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் விடிந்ததும் சுப்புரத்தினம் பட்டறைக்கு வந்து ஜீப்பை எடுத்தார்.

"இப்ப போயா?" என்றான் தங்கராசு.

"இப்பதான் போவணும்."

தங்கராசு எஞ்சின் மூடியைத் திறந்து, மின்சாரம் போகும் இடங்களிலெல்லாம் கிரீஸ் பூசினான். "தண்ணி மொழங்காலுக்கு மேல வந்தா மொதல்ல எறங்கி இந்த விசிறி பெல்ட்டக் கழட்டிடுங்க. இல்லன்னா விசிறி தண்ணிய வாரி எஞ்சின் மேல அடிச்சுடும், நின்னுபூடும். தாண்டினதும் திரும்ப மாட்டிடணும், மறந்தா சூடேறிடும். சின்ன கியர்ல போங்க. நடுவுல நிக்காதீங்க. ஒரு பக்கமா சாஞ்சா பிரேக் போடாதீங்க."

புவனகிரி வழியாக வெள்ளாற்றைக் கடந்து, சிதம்பரம் போய்ச் சேரும்போது பத்து மணி. நான்கு கோபுரங்களும் மழையில் பாதி மறைந்து நின்றன. அண்ணாமலை நகரைத் தாண்டி, சிவபுரிக்கு அப்பால் தார் ரோடு முடிந்தது. அதற்குமேல் வண்டிப் பாதை. வயலும் வாய்க்காலும் ஒரே தண்ணீராகக் கிடக்க, இரண்டு பக்கமும் நின்ற பூவரச மரங்களை வைத்துத்தான் பாதை இருக்குமிடம் தெரிந்தது. இரண்டு இடத்தில் இறங்கி பெல்ட்டைக் கழற்றினார், மாட்டினார். ஒரு ஆளையும் வழியில் பார்க்கவில்லை. உயர்ந்த இருக்கையில் அவர் மட்டும் தண்ணீருக்கு மேல் போய்க்கொண்டிருந்தார்.

மத்தியானம் தாண்டிப் புளியந்திட்டு மேட்டில் ஏறி மகள் வீட்டு வாசலில் நிறுத்தியபோது, சத்தம் கேட்டு மாப்பிள்ளை தில்லைநாதன் வெளியே ஓடிவந்தார்.

"மாமா! இந்தத் தண்ணியில எப்பிடி வந்தீங்க?"

பின்னாலேயே ஞானாம்பாள் வந்தாள். இளைத்திருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற மூன்று வயதுப் பெண் சிவகாமு அவரைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. சுப்புரத்தினம் வழியெல்லாம் சொல்லிப்பார்த்து வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினார். ஞானாம்பாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"வாங்கப்பா" என்றாள். உடனே, "இந்த வண்டி திரும்பவும் தண்ணியில போவுமா?" என்று கேட்டாள்.

உள்ளே அவளுடைய மாமியார் ரத்தினம்மாள் கட்டிலில் கிடந்தார். ஐந்து நாளாக நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நாட்டு வைத்தியர் முந்தின நாளே கையை விரித்துவிட்டார். காலடிச் சத்தம் கேட்டு ரத்தினம்மாள் கண்ணைத் திறந்தார்.

"அமரா வந்துட்டாளா?"

"வந்துடுவாங்க அத்தை" என்றாள் ஞானாம்பாள்.

அமராவதி ரத்தினம்மாளின் மகள். புருஷனுக்குப் பல்கலைக்கழக ஆபீசில் வேலை. அண்ணாமலை நகர்க் குடியிருப்பில் இருந்தாள். ஆறே மைல். ஆனால் தண்ணீர் சூழ்ந்த நாளிலிருந்து சொல்லியனுப்ப ஆள் போக முடியவில்லை. தில்லைநாதன் நீந்தியாவது போகிறேன் என்று கிளம்பியபோது தாய் அவர் கையை விடவில்லை.

சுப்புரத்தினம் கூடத்துக்கு வந்தார். ஞானாம்பாள் பின்னாலேயே வந்தாள்.

"நீங்க போயி அவுங்கள அழைச்சுக்கினு வாங்கப்பா."

வெளியே மழை வலுத்திருந்தது. வரும்போது ஒரு இடத்தில் தண்ணீர் ஏறுபடியைத் தொட்டதை அவர் நினைத்தார். "தண்ணி ஏறிக்கினே இருக்குதும்மா. இன்னைக்குப் போயி மாட்டிக்கிட்டா ரெண்டுங்கெட்டானாப் பூடும். நாளைக்கிக் காலையில கொஞ்சம் வடிஞ்சதும்..."

"நாளைக்கின்னு சொல்லாதீங்க."

அவள் குரல் உயரவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று இன்னும் தணிந்துதான் வந்தது.

"அன்னைக்கு நீங்க அனுப்புன தந்தியில தேதி போட்டிருந்துச்சுப்பா. நேரமும் போட்டிருந்துச்சு. காலையில பதினோரு மணிக்குக் குடுத்தீங்க, சாயங்காலம் விளக்கு வெக்கறதுக்குள்ள என் கையில இருந்துச்சு. அன்னைக்கும் அதுக்கு முந்தின வாரமும் வழியில ஒரு பொட்டுத் தண்ணியும் இல்ல."

சுப்புரத்தினம் வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தார்.

"மொத தந்தின்னு ஒண்ணு இல்லவே இல்ல. எனக்கு அப்பவே தெரியும்."

அவர் குடையை எடுக்காமலே வாசலில் இறங்கி ஜீப்பில் ஏறினார்.

போகும்போது வழி எப்படிப் போயிற்று என்று பின்னால் அவருக்கு நினைவில்லை. மூன்று வருஷமாக அவள் இதைத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள் என்பது ஒன்றே தலைக்குள் இருந்தது. ஊரெல்லாம் அவர் வழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தபோதும், பட்டறையில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாக வண்டியை உயர்த்தியபோதும், அவள் இங்கே அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரிடமும் காட்டவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. வரவும் இல்லை.

அமராவதி கதவைத் திறந்து, சேற்றில் குளித்து நின்ற மனிதரைப் பார்த்தாள். ஞானாம்பாள் கல்யாணத்தில் பார்த்த முகம் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று.

"உங்க அம்மாவுக்கு ஒடம்பு ஜாஸ்தியா இருக்குதும்மா. உன்னைக் கேக்கறாங்க. இப்பவே வரணும்."

அவள் கணவரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, ஒரு புடவையை மட்டும் சுருட்டிக்கொண்டு வந்தாள். பட்டாள ஜீப்பில் ஸ்டியரிங் இடது பக்கம்; அவள் வலது பக்க ஏறுபடியில் கால் வைத்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிவபுரி தாண்டித் தண்ணீர் தெரிந்ததும்தான், "மாமா, இருக்காங்கல்ல? நெசத்தச் சொல்லுங்க" என்றாள்.

"இருக்காங்க. நான் வாசல்ல நுழையும்போது உன் பேரைத்தான் சொன்னாங்க. இது சத்தியம்."

இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது. அவர் இறங்கி, தொடைவரை நனைந்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு வந்தார். சின்ன கியரில் ஜீப் முனகிக்கொண்டே நகர்ந்தது. மதகை ஒட்டிய திருப்பத்தில் பாதையின் வலதுபக்க ஓரத்தை வெள்ளம் அரித்துப் போயிருந்தது. அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. திடீரென்று வலப்பக்கச் சக்கரங்கள் கீழே இறங்கின. ஜீப் சாய்ந்தது. அமராவதியின் பக்கம் தண்ணீர் எழுந்துவந்து உள்ளே புகுந்தது.

"இந்தப் பக்கம் வாம்மா, என் மேல சாஞ்சுக்க!"

அவள் அவர் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவருடைய கால் தன்னால் பிரேக்குக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டார். ஸ்டியரிங்கை இடது பக்கம் மெல்ல ஒடித்து, மிதியை ஒரே அளவில் அழுத்தியபடி இருந்தார். பெரிய டயர்கள் எதையோ தேடிச் சுழன்றன. இன்னும் ஒரு விரல் சாய்ந்தால் கவிழும் என்று உடம்புக்குத் தெரிந்தது. முன் சக்கரம் ஒரு வேரையோ கல்லையோ பற்றியது. வண்டி உதறிக்கொண்டு மேலே ஏறியது. மேட்டில் நிறுத்தி பெல்ட்டை மாட்டினார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புளியந்திட்டு போய்ச் சேர்ந்தார்கள். அமராவதி வண்டி நிற்கும் முன்பே குதித்து உள்ளே ஓடினாள். "அம்மா" என்று ஒரு குரல். பிறகு மெலிந்த இன்னொரு குரல். பிறகு அழுகை. அது சாவுக்கு அழும் அழுகையில்லை. சுப்புரத்தினம் வாசலில் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே போக வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தக் கூடத்தில் அவருக்கு இடமில்லை என்று தோன்றியது. இன்னொரு வீட்டில், ஒன்பதாம் நாள்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு முகத்தை நினைத்தார். துணிக் கூரையில் மழை விழுந்துகொண்டே இருந்தது.

வெகுநேரம் கழித்து தில்லைநாதன் வந்து கையைப் பிடித்து இறக்கி, தலை துவட்டத் துண்டு கொடுத்து, சாப்பிட வைத்தார்.

ரத்தினம்மாள் மறுநாள் முழுக்க இருந்தார். மகள் கையால் இரண்டு மடக்குக் கஞ்சி குடித்தார். அதற்கடுத்த நாள் மத்தியானம், ஒரு பக்கம் மகனும் ஒரு பக்கம் மகளும் இருக்க, அடங்கிப்போனார்.

தண்ணீர் வடிய இன்னும் நாலு நாள் ஆயிற்று. வீட்டில் உள்ளூர் உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். எல்லோரும் ஜீப்பைப் பற்றியும் அவரைப் பற்றியும் பேசினார்கள். சம்பந்தி தெய்வம் மாதிரி வந்தார் என்றார்கள். சுப்புரத்தினத்துக்கு அதைக் கேட்கக் கூசியது. கொல்லைப்பக்கம் போய்விடுவார். பேத்தி சிவகாமு தூரத்தில் நின்று அவரைப் பார்க்கும். அவர் பார்த்தால் ஓடிவிடும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் சக்கரக் குடத்தில் நுழைந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். ஞானாம்பாள் பாத்திரம் துலக்கிய சாம்பல் கையோடு வந்து நின்றாள்.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?"

அவர் எழுந்திருக்கவில்லை. "தெனமும் கேட்டா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"தந்தி குடுத்துட்டேன்னு சொன்னேன்." பிறகு, "குடுத்தா அவ போயிடுவான்னு தோணிச்சு ஞானா. ஆபீசு வாசலுக்கு ரெண்டு தரம் போனேன். கையி வரல" என்றார்.

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. "அம்மா நம்பிக்கினேதான் இருந்திருப்பாங்க" என்றாள் கடைசியில். "வழியப் பாத்துக்கினே." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மன்னித்துவிடு என்று கேட்கிற இடம் அதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வெயில் அடித்தது. தில்லைநாதன் ஜீப் வரைக்கும் வந்து, "அடிக்கடி வாங்க மாமா" என்றார். ஞானாம்பாள் வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் வாருங்கள் என்று சொல்லவில்லை. அவர் எஞ்சினைக் கிளப்பிய பிறகு இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"போய்ச் சேந்ததும் ஒரு கார்டு போடுங்க" என்றாள்.

"போடறேம்மா."

"அன்னைக்கே போடுங்க."

வழியெல்லாம் காயத் தொடங்கிய வண்டல். சிதம்பரத்தில் அவர் எங்கும் நிற்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு முதுநகர் வந்து, வீட்டைத் திறந்தார். பூட்டிக் கிடந்த வீட்டின் ஈர வாடை. அடுப்பில் பத்து நாளைய சாம்பல். சட்டையைக்கூடக் கழற்றாமல் மேஜையைத் துடைத்து, ஒரு கார்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருஷம் எழுதிய கை. அன்றைக்கு ஒரு வரி எழுத அரைமணி நேரம் பிடித்தது. "சௌபாக்கியவதி ஞானாம்பாளுக்கு, இன்று பகல் சுகமாக வந்து சேர்ந்தேன்" என்று எழுதினார். அதற்குக் கீழே நிறைய இடம் இருந்தது. எதை எழுதினாலும் அங்கே பொருந்தாது என்று தோன்றியது. தேதியைப் போட்டார். கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தையும் போட்டார்.

தபால் எடுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பினார்.